வாயிற்காவலும் வீட்டுச் சாவியும்

பத்தாம் வகுப்பு மாணவி

கணிப்பொறி ஒன்றை விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்த பின், அதைக் கள்வரிடமிருந்து காக்கும் பொறுப்பு யாருடையது? வாங்கியவருடையதா, அதற்குள்ளேயே அமர்த்தப்பட்டிருக்கும் தானியங்கிக் காவலுடையதா? இவ்வினாவைக் கேட்டால் பெரியோர் பலர், "அதெல்லாம் தானாகவே நடக்கும், நீ ஒன்றையும் தொடாதே" என்று கூறிவிடுகின்றனர். கணிப்பொறித் துறையில் பணியாற்றும் அண்ணன்மார் சிலரோ, "தானியங்கி என்றாலே தொல்லை; அதை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் நம் விருப்பப்படி வைத்துக்கொள்ள வேண்டும்" என்பர். இவ்விரு கட்சியாரும் பாதி வழியில் நின்றுவிட்டார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. காவல் தானாகவே நடக்கட்டும். ஆனால் அது என்ன செய்கிறது என்பதை வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். "இன்று வேண்டாம்" என்று நிறுத்தும் சாவியும் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். அச்சாவியைக் கையாளும் அறிவு வீட்டில் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் மட்டும் உரியதாக இராமல், நமக்கும் வேண்டும்.

நம் பள்ளி வாயிலில் அமர்ந்திருக்கும் சகோதரியை நினைத்துக்கொண்டால் இப்பொருள் எளிதில் விளங்கும். இணையத்தோடு இணைந்த ஒவ்வொரு கணிப்பொறிக்கும் 'போர்ட்' எனப்படும் வாயில்கள் 0 முதல் 65,535 வரை எண்ணிடப்பட்டு உள்ளன. மின்னஞ்சலை அனுப்ப ஒன்று, பாதுகாப்பான இணையப் பக்கங்களைத் தருவிக்க 443 என்ற எண்ணுடைய ஒன்று என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாயில். இவற்றின் முன்னே அமர்ந்திருப்பதுதான் 'ஃபயர்வால்' என்னும் காவல் நிரல். நாம் உள்ளிருந்து கேட்டனுப்பியதற்கு மறுமொழி வந்தால் அதை உள்ளே விடும். நாம் அழைக்காமல் தானே வந்து கதவைத் தட்டும் எதையும் வெளியிலேயே நிறுத்திவிடும். சகோதரியும் அப்படித்தான். யாரைப் பார்க்க வந்தீர்கள், யார் வரச் சொன்னார்கள் என்று கேட்பார். அழைத்தவர் பெயர் சொல்லத் தெரியாதவர் பார்லர் வரைகூட வர இயலாது.

இத்தகைய காவல் கணிப்பொறிக்குள் இருந்தும், அது உறங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2001-ஆம் ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. அதனுள் ஃபயர்வால் இருந்தது. ஆயினும் அது அணைக்கப்பட்ட நிலையிலேயே வந்தது. வேண்டுவோர் தேடிப் பிடித்து, தாமே இயக்கிக்கொள்ள வேண்டும். 2003 ஜூலை 16-ஆம் நாள், விண்டோஸில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக அறிவித்து, அதை அடைக்கும் திருத்தத்தையும் அந்நிறுவனம் வெளியிட்டது. திருத்தம் வெளிவந்து 26 நாட்கள் கழித்து, ஆகஸ்டு 11-இல், 'பிளாஸ்டர்' என்னும் புழு நிரல் அதே ஓட்டையின் வழியே உலகெங்கும் பரவியது. மின்னஞ்சலைத் திறக்க வேண்டியதில்லை, எதையும் அழுத்த வேண்டியதில்லை. இணையத்தில் இணைந்திருந்தாலே போதும், 135-ஆம் எண் வாயில் வழியாகப் புகுந்துவிடும். புகுந்த கணிப்பொறிகளில், 60 விநாடிகளில் இயக்கம் நிற்கப் போவதாக ஓர் அறிவிப்புத் தோன்றி, நொடிகளை எண்ணத் தொடங்கும். இலட்சக்கணக்கான கணிப்பொறிகள் அவ்வாறு விழுந்தன. உறங்கிய அந்தக் காவலை எழுப்பி வைத்திருந்தாலே புழு உள்ளே வந்திராது!

"பார்த்தீர்களா? மக்கள் கையில் விட்டால் இப்படித்தான் ஆகும்" என்று தானியங்கிக் கட்சியார் இதைச் சுட்டிக்காட்டுவர். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். அன்று எக்ஸ்பி வாங்கியவர்களுக்கு உரிமை தரப்பட்டது என்று எப்படிச் சொல்வது? காவல் ஒன்று இருப்பதாகவே அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. இணைய இணைப்பின் அமைப்புகளுக்குள் நான்கு பெட்டி தள்ளி, ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டால்தான் அது விழிக்கும் என்பது எத்தனை இல்லத்தரசிகளுக்குத் தெரிந்திருக்கும்? அறையின் விளக்குப் பொத்தானைப் பரண்மேல் மறைத்து வைத்துவிட்டு, "நீ ஏன் இருட்டில் அமர்ந்திருந்தாய்?" என்று கேட்பது முறையாகுமா?

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அறியாதவர் கையில் முதல் முடிவை விட்டுவிடலாகாது. 2004 ஆகஸ்டில் வெளிவந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பில் மைக்ரோசாப்ட் தன் ஃபயர்வாலைத் தானாகவே இயங்கும்படி வைத்தது நல்ல செயலே. யாரும் கேளாமலே கதவுகள் சாத்தப்பட்டன. திறக்க வேண்டியவர் திறந்துகொள்ளலாம். தடுப்பூசியைக் குழந்தையிடம் கேட்டுவிட்டா போடுகிறோம்? 2017-இல் நடந்ததும் இதற்குச் சான்று. அவ்வாண்டு மார்ச் 14-இல் திருத்தம் வந்திருந்தும், மே 12-இல் 'வான்னாக்ரை' என்னும் நிரல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. திருத்தத்தை நாள் கடத்தாமல் ஏற்றிய இடங்களில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது.

அப்படியானால் ஒவ்வொன்றையும் வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தால் என்ன? அதையும் உலகம் செய்து பார்த்துவிட்டது. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பெயர் பெற்ற 'சோன் அலார்ம்' என்னும் இலவசக் காவல் நிரல், கணிப்பொறியிலுள்ள எந்த நிரல் முதன்முறை இணையத்துக்குப் போக முயன்றாலும், "இதை விடலாமா?" என்று கேட்கும். அக்கறை உள்ளவர்க்கு அது நல்ல ஆசிரியை. தம் கணிப்பொறியில் எந்தெந்த நிரல் யாரோடு பேசுகிறது என்பதைப் பலர் அதைக் கொண்டே முதன்முதலில் அறிந்தனர். ஆனால் 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், சிறுசிறு மாற்றங்களுக்கும் திரை இருண்டு, "அனுமதிக்கலாமா?" என்று ஒரு பெட்டி வந்து நின்றது. பால்காரர் வந்தாலும் மணி, தபால்காரர் வந்தாலும் மணி, தோட்டக்காரர் மண்வெட்டி எடுக்கப் போனாலும் மணி என்று வாயிற்சகோதரி நாள் முழுதும் மதர் சுப்பீரியரை அழைத்தால் என்ன ஆகும்? நான்காம் நாள் முதல், மதர் தலை நிமிராமலே "விடுங்கள்" என்பார்; ஐந்தாம் நாள் திருடனும் அந்த ஒரு சொல்லிலேயே உள்ளே வருவான். மக்களும் படிக்காமலே 'ஆம்' என்று அழுத்தப் பழகிக்கொண்டனர். 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் அக்கேள்விகளைக் குறைத்ததோடு, எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை நான்கு படிகளில் நாமே வைத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள். குறைவாகக் கேள், புரியும்படி கேள், எப்போது கேட்க வேண்டும் என்பதையும் என்னிடமே கேள் என்ற இந்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி, தானியங்கிக் காவலே வீட்டைக் குலைத்த கதைக்கு வருவோம். 2010 ஏப்ரல் 21-இல் மெக்கஃபி என்னும் ஆன்டிவைரஸ் நிறுவனம் அனுப்பிய அன்றாடத் திருத்தம், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத ஓர் உறுப்பையே வைரஸ் என்று எண்ணி அகற்றிவிட்டது. கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் தாமே நின்று தாமே தொடங்கின. காவலாளி வீட்டுக்காரரையே திருடனென்று பிடித்துக் கட்டிய கதை அது.

2024 ஜூலை 19-இல் நடந்தது அதனினும் பெரிது. அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம், நிறுவனங்களின் கணிப்பொறிகளைக் காக்கும் 'ஃபால்கன்' என்னும் நிரலை விற்கிறது. அன்று நம் நாட்டு நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்கு அது ஒரு சிறு கோப்பை உலகெங்கும் அனுப்பியது. 78 நிமிடங்களில் தவற்றைக் கண்டு திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் தரப்பட்டன. இத்தனைக்கும் காரணம் என்ன தெரியுமா, தோழியரே? புதிய கோப்பு 21 விவரங்களை எதிர்பார்த்தது. கணிப்பொறிக்குள் இருந்த நிரலோ 20 விவரங்களையே கொடுத்தது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிப் போய் எல்லாம் விழுந்தது. விடைத்தாளில் ஒரு கட்டத்தைத் தள்ளி எழுதிவிட்டுத் தவிப்போமே, அது போல.

இந்நிகழ்ச்சியில் என் மனத்தைத் தைத்தது வேறொன்று. அந்நிரலை வாங்கியவர்களில் முன்யோசனை உள்ள சிலர், "புதுப் பதிப்பு வந்தவுடன் எங்களுக்கு வேண்டாம், ஒரு படி பின்னாலேயே நாங்கள் இருக்கிறோம், மற்றவர்களிடம் சரியாக ஓடிய பிறகு ஏற்றுக்கொள்கிறோம்" என்று தங்கள் அமைப்பில் குறித்து வைத்திருந்தார்கள். அந்த வசதியை நிறுவனமே தந்திருந்தது. ஆனால் அன்று வந்தது நிரலின் புதுப் பதிப்பு அன்று. அவசரக் குறிப்புக் கோப்பு. அக்குறிப்புகளுக்கு அந்தத் தடை பொருந்தாது! ஆகவே, தடை போட்டவரும் போடாதவரும் ஒருங்கே விழுந்தனர். சாவி தந்திருக்கிறோம் என்றார்கள். அந்தச் சாவி பின்வாசலுக்குச் சேராது என்பதை விழுந்த பிறகே அவர்கள் அறிந்தனர். பின்னர் அந்நிறுவனம், இக்கோப்புகளும் எப்போது ஏற வேண்டும் என்பதை வாங்கியவர்களே முடிவு செய்ய வழி செய்வதாக அறிவித்தது. அதை முன்னரே செய்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பர்!

விழுந்த கணிப்பொறிகளை எழுப்பியது யார்? பெரும்பாலும் தானியங்கி அன்று. ஒவ்வொரு கணிப்பொறியின் முன்னும் ஒரு மனிதர் சென்று அமர்ந்து, அதைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்த ஒரு கோப்பைத் தேடிக் கையால் நீக்க வேண்டியிருந்தது. தெரிந்தவர் இருந்த இடம் விரைவில் எழுந்தது. இல்லாத இடம் காத்துக் கிடந்தது. மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கன்னியர் உவமையைக் கேட்கும்போதெல்லாம், அறிவுள்ள கன்னியர் கொஞ்சம் எண்ணெய் கொடுத்தால்தான் என்ன என்று எனக்குச் சிறு வயதில் அவர்கள்மேல் கோபம் வரும். சில பொருள்களை அந்த நேரத்தில் கடனாகக் கொடுக்கவே முடியாது என்பது இப்போது புரிகிறது.

கிரவுட்ஸ்டிரைக் நிரல் அலுவலகங்களில் இருப்பது, நம் வீட்டுக் கணிப்பொறிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வீட்டிலும் இதே கதை சிறிய அளவில் நடக்கத்தான் செய்கிறது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-இன் வீட்டுப் பதிப்பில், புதுப்பித்தல்களைத் தள்ளிவைக்கும் வசதியே இல்லாமல் இருந்தது. பரீட்சைக்கு முந்தின இரவானாலும் சரி, அது நினைத்தபோது ஏறிக்கொள்ளும். 2019 மே மாதப் பதிப்பில்தான் வீட்டுப் பதிப்புக்கும், 35 நாட்கள் வரை நிறுத்தி வைக்கும் வசதி தரப்பட்டது. இடையில் 2016-இல் இன்னொன்றும் நடந்தது. பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களின் திரையில், புதிய விண்டோஸுக்கு மாறும்படி ஒரு பெட்டி வந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்பவர் பெட்டியின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடுவது வழக்கம். அவ்வாண்டு மே மாதத்தில், அக்குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நாளில் மாற்றம் நடந்தே தீரும் என்றாயிற்று. கதவைச் சாத்தியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்! மக்கள் எதிர்த்த பின் ஜூன் மாதத்தில் அதை மாற்றிக்கொண்டனர். புதிய விண்டோஸ் பாதுகாப்பில் மேலானது என்பதை நான் மறுக்கவில்லை. நல்லதைக்கூட ஏமாற்றித் தரலாகாது என்றுதானே நமக்கு நன்னெறி வகுப்பில் கற்பிக்கிறார்கள்?

கடிதங்களைப் பற்றியும் ஒரு சொல். விடுதிக்கு வரும் கடிதங்களை விடுதிக் காப்பாளர் பிரித்துப் பார்த்த பின்னரே மாணவியரிடம் தரும் வழக்கம் அக்காலத்தில் பல இடங்களில் இருந்ததாக என் பாட்டி கூறுவார். "பிரிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் எங்கள் வீட்டாருக்கும் தெரியும். எழுதும்போதே அதை நினைத்து எழுதுவார்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். இன்று, இணையப் பக்கத்தின் மேலே சிறு பூட்டுப் படம் தெரிந்தால், நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் செய்தி உறையிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆனால் ஆன்டிவைரஸ் நிரல்கள் சில, உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அந்த உறையைக் கணிப்பொறிக்குள்ளேயே பிரித்து, பார்த்து, தம் சொந்த முத்திரையிட்டு மீண்டும் ஒட்டித் தருகின்றன. நோக்கம் நல்லதாயிருக்கலாம். பாட்டி காலத்து மாணவியருக்குத் தெரிந்திருந்தது, நமக்குத் தெரிகிறதா? அவாஸ்ட் என்னும் புகழ்பெற்ற ஆன்டிவைரஸ் நிறுவனம், தன் நிரலைப் பயன்படுத்தியோர் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தனர் என்ற விவரங்களைத் திரட்டித் தன் துணை நிறுவனம் வழியாக 2014 முதல் 2020 வரை விற்றுவந்தது. 2020 ஜனவரியில் அது வெளிப்பட்டு, அத்துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் அவாஸ்ட் நிறுவனம் 1 கோடியே 65 இலட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்றது. ஒற்றர்களிடமிருந்து காப்பேன் என்று வந்த காவலனே வீட்டுச் செய்தியை விற்றிருக்கிறான். இதைக் கேட்ட பின்னும், "காவல் நிரல் பார்த்துக்கொள்ளும், நீ கேள்வி கேட்காதே" என்று யாரேனும் சொன்னால் எப்படி ஏற்பது?

பெற்றோர் தரப்பில் ஓர் அச்சம் இருப்பதை நான் அறிவேன். சாவியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால், விளையாட்டு நிரல் ஏதோ ஒன்றை இறக்குவதற்காகக் காவலை அணைத்துவிட மாட்டார்களா? அணைப்பவர்களும் உண்டுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கும், மாற்றங்கள் செய்வதற்கு மட்டும் நிர்வாகிக் கணக்கு ஒன்றும் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது என்கிறார்கள். ஆனால் நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு வீட்டில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? பல வீடுகளில் அது கணிப்பொறியைச் சரிபார்த்துத் தரும் கடைக்காரருக்கே தெரியும்! வீட்டுக்காரர்கள் அவருக்குப் போன் செய்து கேட்கிறார்கள். ஆண்டுதோறும் ஆன்டிவைரஸ் ஒன்றை அவரே விலைக்குப் போட்டுத் தருகிறார். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், இயங்குதளத்தோடே ஆன்டிவைரஸ் காவலும் சேர்ந்தே வருகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்த பின்னும் வேறொன்றை வாங்குவோர் வாங்கட்டும். அது அவர்கள் விருப்பம்.

மேலும், அணைக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆபத்து வராது என்பதும் உண்மையன்று. போலீஸ் அதிகாரி போலப் பேசி, 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாக மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தைப் பற்றிப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் நாட்டு மக்களை எச்சரித்தார். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, தொலைவிலிருந்து கணிப்பொறியை இயக்கும் நிரல் ஒன்றை நம்மைக் கொண்டே ஏற்றச் செய்யும் கூட்டமும் உண்டு. இவர்களை எந்த ஃபயர்வாலும் முழுதாய்த் தடுக்காது. உள்ளிருந்து கதவைத் திறப்பவர் நாமே அல்லவா? அந்த நேரத்தில் உதவுவது, இந்த நிரல் எதற்கு, இது யாருக்கு வழி விடுகிறது என்று கேட்கும் பழக்கம்தான். எதற்கும் 'ஆம்' என்று அழுத்தி வளர்ந்த விரல் அங்கும் 'ஆம்' என்றே அழுத்தும். அருட்சகோதரியர் நமக்குக் கீழ்ப்படிதலையும் கற்பிக்கின்றனர். இரவுதோறும் மனச்சான்றைத் தாமே சோதித்துப் பார்க்கவும் கற்பிக்கின்றனர். இரண்டாவதை ஏன் கற்பிக்கிறார்கள்? நாம் ஒரு நாள் இவ்வாயிலைக் கடந்து போவோம், அங்கே வாயிற்சகோதரி இருக்கமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைகளுக்கு வெளியே ஆபத்து அதிகம், ஆதலால் காவலும் அதிகம் வேண்டும் என்று சொல்லும்போது, காவலைப் பற்றிய அறிவும் அதிகம் வேண்டும் என்று யாராவது சேர்த்துச் சொன்னால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

நிரல்களை ஆக்குவோரிடமும் ஒரு குறை எனக்கு உண்டு. விண்டோஸ் திரையைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது. மாற்றினாலும் முழுவதும் தமிழாவதில்லை. எச்சரிக்கையைப் புரியாத மொழியில் எழுதிவிட்டு, "கேட்டோம், அவர் சம்மதித்தார்" என்று கணக்கு எழுதுவது எவ்வகையில் நியாயம்? தமிழிலே இருந்தாலும், "இந்தப் பயன்பாட்டைச் சாதனத்தில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?" என்பதைவிட, "இது உங்கள் கணிப்பொறியின் எல்லாக் கோப்புகளையும் மாற்றும் உரிமையைக் கேட்கிறது, எழுதியவர் யாரென்று தெரியவில்லை" என்று நாலு வார்த்தை கூட்டிச் சொன்னால் என் அம்மாவே முடிவு செய்துவிடுவார். அம்மாவுக்கு அறிவு குறைவில்லை. கேட்பவர் விளங்கக் கேட்பதில்லை.

கடைசியாக, நாளையே செய்யக்கூடியவை சில உள்ளன. நம் பள்ளிக் கணிப்பொறி அறையில், ஒன்பது பத்து வகுப்பினருக்கு ஒரு பாடவேளையேனும் ஒதுக்கி, ஃபயர்வால் பக்கத்தைத் திறந்து காட்டி, எந்த நிரலுக்கு வழி விடப்பட்டிருக்கிறது, எதற்கு இல்லை என்பதைப் படிக்கச் செய்யலாம். மாற்ற வேண்டியதில்லை, படித்தாலே போதும். அருட்சகோதரி தலைமையாசிரியை அவர்கள் இதற்கு மனம் வைப்பார்கள் என்று நம்புகிறேன்.

வீட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது, அது இன்னும் அவசரமானது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாப்ட் கணக்கின் வழியே உள்ளே நுழைந்தால், தகுதியுள்ள கணிப்பொறிகளில் உள்ளிருக்கும் கோப்புகள் அனைத்தும் தானாகவே பூட்டிக் குறியாக்கம் செய்யப்படுகின்றன. கணிப்பொறி திருடு போனால் திருடன் எதையும் படிக்க முடியாது என்பதால் இது மிக நல்லதே. ஆனால் கணிப்பொறியின் உட்பலகையை மாற்றினாலோ வேறு பழுது வந்தாலோ, அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்றைக் கேட்கும். அது இல்லையேல், வீட்டுக்காரரும் திருடனும் அதற்கு ஒன்றுதான். தங்கையின் முதல் நன்மைப் படங்கள், அண்ணனின் கல்லூரிக் குறிப்புகள், அப்பாவின் கணக்குகள் யாவும் உள்ளேயே இருக்கும், திறக்க முடியாது. கிரவுட்ஸ்டிரைக் நாளிலும் இச்சாவி கையில் இல்லாமல் பல அலுவலகங்கள் தவித்தன. அந்தச் சாவி, கணிப்பொறியை முதன்முதலில் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அக்கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று இன்றிரவே அப்பாவிடம் கேளுங்கள். கடைக்காரர் பெயரில் இருந்தால் வீட்டார் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். கணக்கினுள் நுழைந்து, அந்த 48 இலக்கங்களையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி, ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்து, ஞானஸ்நானச் சான்றிதழும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பீரோவில் வைத்துவிடுங்கள். வைத்த இடத்தை அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.